அழைப்புக்குக் காத்திருப்பவர்



விளையாட்டைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று சற்று நேரம் எண்ணிப் பார்த்தேன். நூறு ஓட்டங்கள் எடுத்தவர்களைப் பற்றியும், கோப்பைகளை ஏந்தியவர்களைப் பற்றியும் நீங்கள் நிரம்பக் கேட்டிருப்பீர்கள். ஆட்டத்தில் இன்னொரு வகையினரும் உண்டு. அவர்கள் எல்லைக் கோட்டிற்கு வெளியே அமர்ந்திருப்பார்கள். அழைத்தால் செல்வார்கள், அழைக்காவிட்டால் மாலையில் வீடு திரும்புவார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் அமர்ந்திருந்தவன் என்பதால், இதைச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு.

முதலில் உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே பேஸ்பால் என்னும் ஆட்டம் நம் கிரிக்கெட்டைப் போலவே மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது சுற்றுகள். பந்து எறிபவர் மட்டைக்காரரிடமிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில், சிறு மேடு ஒன்றின்மேல் நின்று எறிகிறார். ஆட்டத்தைத் தொடங்கும் அவரது தோள் சில சுற்றுகளில் களைத்துவிடும். அப்பொழுது அவரை வெளியேற்றிவிட்டு வேறொருவரை வரவழைப்பார்கள். இவ்வாறு இடையில் வருபவருக்கு விடுவிப்புப் பந்தெறிவாளர் என்று பெயர் சொல்லலாம். ஆட்டம் தொடங்கியது முதல் அவர் மைதானத்தின் ஓரத்தில், புல்பென் என்று அழைக்கப்படும் ஓர் ஒதுக்கிடத்தில் காத்திருப்பார். அணி இடரில் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அவருக்கு அழைப்பு வரும். வந்தவர் நிதானமாகப் பழகிக்கொள்ள அவகாசம் இல்லை. முதல் பந்தையே செம்மையாக எறிந்தாக வேண்டும்.

இத்தொழிலில் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் மாரியானோ ரிவேரா. பனாமா நாட்டில் மீன்பிடி ஊர் ஒன்றில் வளர்ந்தவர். 1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடினார். தொடக்கத்தில் முதல் பந்தெறிவாளராகவும் முயன்று பார்த்தவர், பின்னர் ஆட்டத்தின் கடைசிச் சுற்றை முடித்துக் கொடுப்பவராக நிலைபெற்றார். தம் அணி முன்னணியில் இருக்கையில் வந்து, அந்த முன்னணியை இழக்காமல் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதற்குக் ‘காப்பு’ என்னும் பொருள்படும் ஒரு கணக்கு உண்டு. ரிவேராவின் கணக்கில் அத்தகைய காப்புகள் 652. 2019-இல் அவர் பேஸ்பாலின் புகழ்மண்டபத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வாக்களித்தோர் அனைவரின் வாக்கையும் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவரே ஆனார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். காப்பு என்னும் அந்தக் கணக்கை அமெரிக்கப் பேஸ்பாலின் ஆட்சியாளர்கள் முறைப்படி ஏற்றுக்கொண்டது 1969-இல்தான். அதற்கு முன்னரும் இடரில் வந்து அணியைக் காத்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆயினும் அவர்கள் செய்த பணிக்கு ஏட்டில் தனிக் கட்டம் இல்லை. பணி முன்னரே இருந்தது. அதை எண்ணும் வழக்கம் பின்னரே வந்தது.

நம் கிரிக்கெட்டில் அத்தகைய கட்டம் இன்றும் இல்லை. விதிகளும் வேறு. பேஸ்பாலில் வெளியேறிய பந்தெறிவாளர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர இயலாது. கிரிக்கெட்டில் ஓய்வு கொடுக்கப்பட்டவர் மீண்டும் வந்து வீசலாம். ஆனால் பதினொருவரில் இடம் பெறாதவர் களத்தில் இறங்கினால், பந்தைப் பிடிக்கலாம், தடுக்கலாம். வீசவோ அடிக்கவோ கூடாது. தலையில் அடிபட்டவருக்கு மாற்றாக வருபவர் மட்டும் முழுமையாக ஆடலாம் என்னும் விதி 2019-இல் பன்னாட்டு ஆட்டங்களுக்கு வந்தது. ஆகவே நம் ஆட்டத்தில் காத்திருப்பவர் ஒரு நாளன்று, ஐந்து நாளும் காத்திருக்கிறார். சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்கிறார்.

இதற்கு எடுத்துக்காட்டாக நம் சென்னை மாநகரம் தந்த ஒருவரைச் சொல்லுவேன். அவர் எஸ். வெங்கடராகவன். 1945 ஏப்ரல் 21-ஆம் நாள் பிறந்தவர். அடையாற்றுக்கு அண்மையில் உள்ள கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1965 பிப்ரவரியில், இருபது வயது நிறைவதற்கு முன்பே, நியூசிலாந்துக்கு எதிராக இந்தியாவுக்காக ஆடினார். அந்த ஆட்டம் நடந்தது சேப்பாக்கத்தில் அன்று. பின்னாளில் நேரு விளையாட்டரங்கு எனப் பெயர் பெற்ற மாநகராட்சி அரங்கில். அதே தொடரில் டெல்லி ஆட்டத்தில் ஓர் இன்னிங்சில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளும், ஆட்டம் முழுவதிலுமாக 12 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். இந்தியா வென்றது. இத்தகைய தொடக்கம் வாய்த்த இளைஞருக்கு இனி இடம் உறுதி என்று எவரும் எண்ணியிருப்பார்கள்.

ஆனால் மைசூரைச் சேர்ந்த பிரசன்னா என்று மற்றொருவர் இருந்தார். அவரும் பொறியியல் பயின்றவர். அவரும் அதே ஆஃப் ஸ்பின் வீசுபவர். படிப்பின் பொருட்டு ஐந்து ஆண்டுகள் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விலகியிருந்த பிரசன்னா, 1967 சனவரியில் சென்னை ஆட்டத்தில் மீண்டும் வந்தார். அது முதல் ஒரே வகைச் சுழலுக்கு இருவர் என்னும் நிலை ஏற்பட்டது. பிரசன்னா பந்தை உயரே தூக்கி ஆட்டக்காரரை ஏமாற்றுவதில் வல்லவர். வெங்கடராகவன் சற்று விரைவாகவும், பிழையில்லாத அளவிலும் வீசுபவர். எவரை எடுப்பது என்பது தேர்வாளர்களுக்குத் தீராத வழக்காயிற்று. பிஷன் சிங் பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கடராகவன் ஆகிய நால்வரையும் சேர்த்தே நாம் பேசுகிறோம். நால்வரும் வீழ்த்திய டெஸ்ட் விக்கெட்டுகள் 853. ஆயினும் நால்வரும் ஒருங்கே ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அது 1967-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்தது. மற்ற நாட்களில் நால்வரில் ஒருவரேனும் வெளியே அமர்ந்திருந்தார். பல நாட்கள் அந்த ஒருவர் வெங்கடராகவனே.

இனி ஒரு மாலைப்பொழுதை நினைவுகூர்கிறேன். 1971 ஆகஸ்டு 23. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. மயிலாப்பூரின் மாட வீதிகளில் களிமண் பிள்ளையார்களையும், எருக்கமாலைகளையும், வண்ணத்தாள் குடைகளையும் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்த நான், பிள்ளையாரை ஒரு கையிலும் நண்பர் ஒருவரின் டிரான்சிஸ்டரை மறு கையிலுமாக ஏந்திக்கொண்டு, தெற்கு மாட வீதியில் ஒரு திண்ணையில் அமர்ந்துவிட்டேன். சிற்றலையில் லண்டன் ஓவல் மைதானத்தின் வருணனை, கடல் அலையைப் போல உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தது. இங்கிலாந்து மண்ணில் அதுவரை இந்தியா ஒரு டெஸ்டிலும் வென்றதில்லை.

அன்று இங்கிலாந்தின் இரண்டாம் இன்னிங்ஸ் 101 ஓட்டங்களுக்கு முடிந்தது. 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்த்திய சந்திரசேகரின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அது முற்றிலும் தகுதியான புகழ். ஆனால் அந்த ஆட்டத்தின் ஏட்டை இன்னும் சற்று நேரம் ஊன்றிப் பாருங்கள். அந்த இன்னிங்சில் மிகுதியான ஓவர்கள் வீசியவர் வெங்கடராகவன். 20 ஓவர்கள், 44 ஓட்டங்கள், 2 விக்கெட்டுகள். ஒரு முனையில் ஓட்டங்கள் எளிதில் கிடைக்காதபடி அவர் காத்து நின்றதால்தான், மறு முனையில் சந்திரசேகரின் புதிரை ஆட்டக்காரர்கள் எதிர்கொள்ள நேர்ந்தது. சந்திரசேகரின் பந்தில் லக்கர்ஸ்ட் கொடுத்த பந்தைப் பிடித்தவரும் வெங்கடராகவனே. முதல் இன்னிங்சில் 90 ஓட்டங்கள் எடுத்திருந்த நாட், இம்முறை ஒரே ஓட்டத்தில் வெங்கடராகவன் பந்தில் சோல்கரிடம் பிடிபட்டார்.

இன்னும் ஒன்று உண்டு. டி ஒலிவேராவின் விக்கெட்டும் வெங்கடராகவனுடையதே. அந்தப் பந்தைப் பிடித்தவர் யார் தெரியுமா? அணியின் பதினொருவரில் இல்லாத ஒருவர். மாற்று ஆட்டக்காரராகக் களத்தில் நின்ற ஐதராபாத்தைச் சேர்ந்த ஜெயந்திலால். அவர் தம் வாழ்நாளில் இந்தியாவுக்காக ஆடிய டெஸ்ட் ஒன்றே. அதுவும் இந்த ஓவல் ஆட்டம் அன்று. பழைய ஏடுகளில் அந்த வரிக்கு நேரே ‘மாற்று ஆட்டக்காரர்’ என்னும் குறிப்பே பெரிதாக நிற்கும். மறுநாள், பிள்ளையார் சதுர்த்தியன்று, இந்தியா நான்கு விக்கெட்டுகளில் வென்றது. எங்கள் வீட்டில் கொழுக்கட்டை ஆறிப்போனதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பிடியை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஜெயந்திலால் அன்று, ‘நான் ஆட்டத்தில் இல்லையே’ என்று மனம் தளர்ந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பந்து எவருடைய பெயரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது வரும் இடத்தில் விழிப்போடு ஒரு கை இருக்க வேண்டும், அவ்வளவே.

இதை அறிந்திருந்தும் நான் அறியாதவன் போல நடந்துகொண்ட கதையைச் சொல்ல வேண்டும். நானும் ஆஃப் ஸ்பின் வீசுபவன். எங்கள் கல்லூரி அணியில் என்னைவிடச் சிறந்த ஒருவர் அதே வகைப் பந்தை வீசினார். இரண்டு ஆண்டுகள் நான் குடிநீர்க் கூசாவும் துவாலையும் சுமந்தேன். மூன்றாம் ஆண்டில் எனக்கு மனம் கசந்தது. ‘எப்படியும் அழைக்கப் போவதில்லை, எதற்காக வியர்வை சிந்துவது?’ என்று வலைப்பயிற்சிக்குப் போவதை நிறுத்தினேன். மாலைகளை நாகேசுவர ராவ் பூங்காவில் பேச்சிலேயே கழித்தேன். ஆறு வாரங்கள் சென்றன.

ஒரு சனிக்கிழமைக் காலை. அந்த நண்பருக்குக் காய்ச்சல். உடற்பயிற்சி ஆசிரியர் என் தோளில் கை வைத்து, “தம்பி, இன்றைக்கு நீதான் வீச வேண்டும்” என்றார். மூன்று ஆண்டுகளாக நான் விரும்பிய சொற்கள் அவை. முதல் ஓவர் நன்றாகவே அமைந்தது. சுழற்பந்து வீசுவோருக்குச் சுட்டுவிரலின் பக்கத்தில் தோல் காய்த்திருக்கும். பந்தின் தையல் நாள்தோறும் உராய்வதால் உண்டாகும் காய்ப்பு அது. வீணை பயில்வோரின் இடக்கை விரல்களில் தந்தி பதிந்து காய்த்திருப்பதை இந்த மயிலாப்பூரில் பல வீடுகளில் காணலாமே, அதைப் போன்றது. என் விரலில் அது ஆறு வாரங்களில் மெலிந்துவிட்டது. நான்காவது ஓவரில் தோல் கிழிந்தது. பந்தில் இரத்தம் பட்டதைக் கண்டு தலைவர் என்னிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். எங்கள் அணி தோற்றது. எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. அழைப்பு வராத குறையை நான் பிறர்மேல் சுமத்தியிருக்கலாம். அழைப்பு வந்த அன்று ஆயத்தமாக இல்லாத குறையை எவர்மேல் சுமத்துவேன்?

இனி வெங்கடராகவனிடம் திரும்புவோம். 1974 டிசம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் இந்திய அணியின் தலைவராக நின்றார். தலைவர் பட்டோடி காயமுற்றிருந்ததால் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. இந்தியா தோற்றது. அடுத்த ஆட்டம் கல்கத்தாவில். அங்கே அவர் பதினொருவரிலேயே இல்லை, பன்னிரண்டாமவராக அமர்ந்தார். ஓர் ஆட்டத்தில் தலைவர், அடுத்த ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர்! இது அவருக்கு நியாயமாகச் செய்யப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதங்கள் கழித்து, 1975 சூனில், முதல் உலகக் கோப்பைக்கு இந்தியா சென்றபோது அணியின் தலைவர் யார்? அதே வெங்கடராகவன். 1979-இலும் அவரே. அழைத்தபோதெல்லாம் அவர் ஆயத்தமாக இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவர் கற்றுக்கொண்ட முறையையும் கவனிக்க வேண்டும். பந்துவீச்சு ஒன்றையே நம்பி அவர் இருந்துவிடவில்லை. மட்டைக்கு அருகே நின்று பந்தைப் பிடிப்பதில் தேர்ந்தவரானார். 1973 முதல் 1975 வரை இங்கிலாந்தில் டெர்பிஷயர் அணிக்காக ஆடி, வேற்று நாட்டின் களங்களையும் பழகிக்கொண்டார். 1983 வரை, 57 டெஸ்டுகளில், 156 விக்கெட்டுகள் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் அவரது விக்கெட்டுகள் 1390.

மாணவர்களே, இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, ‘பொறுத்தவருக்கு எல்லாம் கிடைக்கும்’ என்று நான் உபதேசிப்பதாக எண்ணிவிட வேண்டா. அது உண்மை அன்று. 1972–73-ஆம் ஆண்டின் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. தமிழ்நாடும் பம்பாயும் மோதின. இடக்கைச் சுழல் வீசிய பத்மாகர் சிவல்கர் நம்மவர்களை முதல் இன்னிங்சில் 16 ஓட்டங்களுக்கு 8 பேராகவும், அடுத்ததில் 18 ஓட்டங்களுக்கு 5 பேராகவும் வீழ்த்தினார். மூன்றாம் நாள் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்தது. லஸ் முனையில் பேருந்து ஏறி நான் அரங்கை அடைந்தபோது, மக்கள் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்! அத்தகைய சிவல்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட்டுகள் எடுத்த அரியானாவின் இராஜிந்தர் கோயலும் ஆடவில்லை. இருவரும் பேடியின் வகைப் பந்தை, பேடியின் காலத்தில் வீசினார்கள். அவர்களுடைய உழைப்பில் குறை இருந்ததா? இல்லை. இடம் ஒன்றாகவும் தகுதியுடையவர் மூவராகவும் இருந்தார்கள்.

அப்படியாயின் ஆயத்தமாக இருந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். அழைப்பு நம் கையில் இல்லை. காய்ப்பு நம் கையில் இருக்கிறது. விரலில் உள்ள அந்தக் காய்ப்பைத் தேர்வாளர் கொடுக்கவும் இயலாது, பறிக்கவும் இயலாது. சிவல்கரும் கோயலும் ஆண்டுதோறும் தம் மாநிலத்திற்காக முழு மனத்துடன் வீசினார்கள். அந்த நாட்கள் வேறொன்றுக்காகக் காத்திருந்த வெற்று நாட்கள் அல்ல. அவையே அவர்களது ஆட்டம். நாட்டின் குரல் தம்மை அழைக்காத காரணத்தால் கையில் இருந்த பணியை அவர்கள் கைவிடவில்லை. நான் கைவிட்டேன். எங்களுக்குள் இருந்த வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை.

வெங்கடராகவனின் கதைக்கு இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. ஆடுவதை விட்ட பின் அவர் நடுவர் ஆனார். 1993-இல் கல்கத்தாவில் முதல் டெஸ்டுக்கு நடுவராக நின்றார். பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்தின் உயர்நிலை நடுவர் குழுவிலும் இடம் பெற்றார். 2004 வரை 73 டெஸ்டுகளில் நடுவராகப் பணியாற்றினார். தாம் ஆடிய டெஸ்டுகளைவிட நடுவராக நின்ற டெஸ்டுகள் 16 மிகுதி! வெளியே அமர்ந்திருந்த நாட்களில் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்த கண்கள் நடுவரின் பணிக்கு உதவியிருக்கும் என்று நான் எண்ணுகிறேன். 2003-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உங்களில் பலர் நாளை இத்தகைய வரிசையில் அமர நேரிடும். ஆட்டக் குழுவில் மட்டுமன்று. நாடகத்தில், இசை அரங்கில், ஆய்வுக்கூடத்தில், அலுவலகத்தில். உங்களைவிடச் சிறந்தவரோ, உங்களுக்கு முன்னே வந்தவரோ உங்கள் இடத்தில் இருப்பார். அப்பொழுது உள்ளம் கசக்கும், அது இயல்பு. கசந்த உள்ளத்தோடேயே மாலையில் பயிற்சிக்குச் செல்லுங்கள். கசப்பு நீங்கிய பிறகு செல்லலாம் என்று காத்திராதீர்கள். அதற்குள் விரல் மென்மையாகிவிடும்.

உங்களில் சிலர் பின்னாளில் பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமரக்கூடும். அவர்களுக்கு ஒரு சொல். காத்தவரின் பணியை எண்ணுவதற்குப் பேஸ்பால் 1969-இல் ஏட்டில் ஒரு கட்டம் வரைந்தது. உங்கள் ஏட்டிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கட்டும். மறு முனையைக் காத்து நின்றவரையும், மாற்று ஆட்டக்காரர் என்னும் குறிப்புக்குள் மறைந்து நிற்பவரையும் ஆட்டம் முடிந்ததும் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுங்கள்.

இன்றும் மாலை வேளைகளில் தியாகராய நகரின் சோமசுந்தரம் மைதானத்தின் பக்கம் நான் நடந்து செல்வதுண்டு. ஒரே திடலில் பல ஆட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து நடக்கும். ஓரத்தில் சைக்கிள்களின் அருகே இரண்டொரு சிறுவர்கள் தம் முறைக்காகக் காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் கையில் பந்தை வைத்துச் சுவரை நோக்கி வீசிக்கொண்டிருந்தால், நான் சற்று நின்று பார்த்துவிட்டே வீடு திரும்புவேன்.